காதலுக்கு விதி எதற்கு?

கொரிய நாட்டுத் தொலைக்காட்சி நாடகங்கள் நம் தோட்டத்து வீடுகளிலும் பட்டணத்து அடுக்குமாடிகளிலும் குடிபுகுந்து ஆண்டுகள் பல ஆகின்றன. தாயும் மகளும் ஒரே பாயிலமர்ந்து பார்க்கிறார்கள். செம்பனை வெட்டப் போகும் வாலிபன் கைப்பேசியில் பார்க்கிறான். ஆபீஸ் கிராணியும் பார்க்கிறான்; பார்ப்பதில்லை என்று சொல்லிக்கொண்டே பார்க்கிறான். இந்நாடகங்களைக் குறித்து நம்மவரில் பெரியவர்களென்று பெயரெடுத்த சிலர் கூறிவரும் கண்டனங்களை நாம் நெடுநாளாகக் கேட்டு வருகிறோம். சிறுவயது முதல் சிநேகிதராயிருந்த ஆணும் பெண்ணும் பின்னர்க் காதலராகும் கதைகளின் மீதே அவர்களுக்குக் கோபம் அதிகம். ராஜகுமாரனையொத்த கோடீஸ்வரன் ஏழைப் பெண்ணைத் தேடி வரும் கதையை அவர்கள் பொறுத்துக்கொள்கிறார்கள். முற்பிறவித் தொடர்பால் இருவர் கூடும் கதையைப் பக்தியோடு பார்க்கிறார்கள். பக்கத்து வீட்டுப் பையனும் பெண்ணும் பதினைந்து வருஷம் கூடி விளையாடி, கூடிப் படித்து, ஒருவரையொருவர் நன்கறிந்த பின் மணப்பதுதான் அவர்களுக்குப் பொறுக்கவில்லை. "சிநேகிதம் என்று தொடங்கினால் இப்படித்தான் முடியும்; ஆகையால் தொடங்கவே விடலாகாது" என்கிறார்கள்.

அவர்கள் பொறுப்பதையும் பொறுக்காததையும் அருகருகே வைத்துப் பார்த்தால் விஷயம் விளங்கும். கோடீஸ்வரன் கதையில் பெண்ணை மற்றொருவன் தேர்ந்தெடுக்கிறான். முற்பிறவிக் கதையில் இருவரையும் விதி தேர்ந்தெடுக்கிறது. சிநேகிதர் கதையில்தான் இருவரும் கண்ணைத் திறந்துகொண்டு தாமே தேர்ந்தெடுக்கிறார்கள். அக்கதைகளின் கவர்ச்சி இதுவே. அவற்றின்மீது மூண்டிருக்கும் பகைக்குக் காரணமும் இதுவே என்பது நமது துணிபு.

விதி ஆண்ட காலம்

கொரிய நாடகங்கள் கடல் கடந்து புகழ் பெறத் தொடங்கிய காலத்தை முதலில் நோக்குவோம். 2000-ஆம் ஆண்டில் வெளிவந்த 'ஆட்டம் இன் மை ஹார்ட்' நாடகத்தில் ஆஸ்பத்திரியில் இரண்டு குழந்தைகள் மாறிப்போகின்றன. அண்ணன் தங்கையாக வளர்ந்த இருவர் தாம் உடன்பிறந்தாரல்லர் என்றறிந்து பிரிகிறார்கள். பிற்காலத்தில் சந்தித்துக் காதலிக்கிறார்கள். கதாநாயகி இரத்தப் புற்றுநோயால் மாள்கிறாள். அதே இயக்குநர் யூன் சொக்-ஹோ 2002-இல் தந்த 'வின்டர் சொனாட்டா'வில், விபத்தில் இறந்துபோனதாகக் கருதப்பட்ட பள்ளிக்கூடக் காதலன் பத்தாண்டு கழித்துப் பழைய நினைவே இல்லாதவனாய் வேறு பெயரோடு வந்து நிற்கிறான். காதலர் இருவரும் ஒரே தந்தையின் மக்களோ என்ற சந்தேகம் இடையில் வருகிறது. முடிவில் கண்பார்வையும் போகிறது. விபத்து, மறதி, நோய், இரத்த உறவு என்று விதி தன் பட்டாளம் முழுவதையும் இறக்கி இரண்டு மனிதரை ஆட்டிவைத்தது. ஜப்பான் முதலான நாடுகளில் இலட்சக்கணக்கானோர் கண்ணீர் விட்டனர்.

அந்த 'வின்டர் சொனாட்டா'வில் சாங்-ஹியோக் என்றொருவன் உண்டு. கதாநாயகி யூ-ஜின்னின் சிறுவயதுச் சிநேகிதன், அவளுடைய துயர காலத்தில் துணை நின்றவன், அவளுக்கென நிச்சயிக்கப்பட்டவன். அவனிடத்தும் குற்றங்கள் உண்டு. அவற்றை நாம் மறைக்கவில்லை. ஆயினும் பல வருஷம் உடனிருந்தவன் வழிமறிக்கும் மனிதனானான். சிறிது காலமே பழகிய முதற்காதலன் தெய்விகக் காதலனானான். அறிந்தவனைக் காட்டிலும் அறியாதவனே மேல் என்பது அக்காலத்து நாடகத் தர்மம். 2009-ஆம் ஆண்டின் 'பாய்ஸ் ஓவர் ஃபிளவர்ஸ்' நாடகத்தில் அறியாதவனோடு ஐசுவரியமும் சேர்ந்துகொண்டது. பெருங்கம்பெனி வாரிசு ஒருவன் சலவைக்கடைக்காரர் மகளை முதலில் வதைத்துப் பின்னர் நேசித்தான்.

இந்தத் தர்மம் நாடக ஆசிரியர்களின் கற்பனையில் மட்டும் முளைத்ததன்று. ஏழு வயதுக்கு மேல் ஆணும் பெண்ணும் ஒரே பாயில் அமரலாகாது என்ற கன்பூசிய நெறி கொரியாவில் நெடுங்காலம் செல்வாக்கோடு இருந்தது. பிறந்த வருஷம், மாதம், நாள், நேரம் ஆகிய நான்கையும் கொண்டு 'சாஜு' என்று கணித்து, ஆண் பெண் இருவரின் சாஜுக்களையும் ஒப்பிடுவார்கள். அதற்குக் 'குங்ஹாப்' என்று பெயர். நம் ஜாதகப் பொருத்தத்துக்கு அது உடன்பிறப்பு என்று சொல்லத் தகும். இவற்றுக்கு மேலே சட்டமே ஒரு சுவரெழுப்பியிருந்தது. ஒரே குலப்பெயரும் ஒரே பூர்வீக ஊரும் உடையவர்கள், எத்தனை தலைமுறை விலகியிருந்தாலும், மணம் புரியலாகாது என்று சிவில் சட்டத்தின் 809-ஆம் பிரிவு தடுத்தது. கிம்ஹே ஊரைப் பூர்வீகமாகக் கொண்ட கிம் குலத்தார் மட்டுமே பல இலட்சம் பேர். அத்தனை பேரும் சட்டத்தின் கண்ணுக்கு அண்ணன் தங்கைகள்! 1997-இல் அரசியலமைப்பு நீதிமன்றம் அத்தடை அரசியலமைப்புக்கு ஒவ்வாதது என்று தீர்ப்பளித்தது. 2005-இல் சட்டம் திருத்தப்பட்டு, நெருங்கிய உறவினரிடை மணத்துக்கான தடை மட்டும் நின்றது. நட்பில் விளைந்த காதலைப் பாடும் நாடகங்கள் இந்த மண்ணில் எழுந்தவை. அவை எதை எதிர்த்து எழுந்தன என்பதை அறியாதவர்கள்தாம் அவற்றைச் சிறுபிள்ளை விளையாட்டு என்பார்கள்.

சந்து வீட்டுப் பிள்ளைகள்

2012-இல் 'ரிப்ளை 1997' என்ற நாடகம் வெளிவந்தது. எழுதியவர் லீ வூ-ஜங் அம்மையார். இயக்கியவர் ஷின் வோன்-ஹோ. இருவரும் பலர் கூடிச் சிரித்துப் பேசும் கேளிக்கை நிகழ்ச்சிகளில் தொழில் கற்றவர்கள். ஆகையால் ஒற்றைக் காதலரைப் பனியில் நிறுத்திப் படம் பிடிக்கும் வழக்கத்தை விட்டு, ஒரு கூட்டத்துப் பிள்ளைகளின் வாழ்வை எடுத்துக்கொண்டனர். பூசான் நகரத்தில் குழந்தைப் பருவம் முதல் ஒன்றாக வளர்ந்த பெண்ணும் பையனும் மணமக்களாகும் கதை அது. வின்டர் சொனாட்டாவில் தோற்ற சிறுவயதுச் சிநேகிதன் பத்தே வருஷத்தில் இங்கு வென்றான்.

அவ்விருவருமே 2015-ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கி 2016 ஜனவரியில் முடித்த 'ரிப்ளை 1988' இவ்வகையின் சிகரம். சியோலின் வடபகுதியில் ஸாங்முன்-டோங் என்னுமிடத்து ஒரு சந்து. அதில் ஐந்து பிள்ளைகள். பெண் ஒருத்தி, தொக்-சுன். அவள் தந்தை பாங்கு உத்தியோகஸ்தர். பிறருடைய கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டு நொடித்துப் போனவர். ஆகையால் குடும்பம் ஜொங்-ஹ்வான் வீட்டின் அரைநிலவறையில் குடியிருக்கிறது. ஜொங்-ஹ்வான் வீட்டாரோ லாட்டரிச் சீட்டால் திடீர்ப் பணக்காரரானவர்கள். ஒரு வீட்டில் சமைத்த கறி மறு வீட்டுக்குக் கிண்ணத்தில் போகிறது. கிண்ணம் வெறுமனே திரும்புவதில்லை. லயத்து வீடுகளில் வளர்ந்த நம்மவருக்கு இக்காட்சிக்கு வியாக்கியானம் வேண்டுவதில்லை.

இந்தச் சந்தில் ஜொங்-ஹ்வானும், 'பதுக்' என்னும் கறுப்பு வெள்ளைக் கல்லாட்டத்தில் நாடறிந்த வீரனாகிய டேக் என்பவனும் தொக்-சுன்னை நேசிக்கிறார்கள். தொக்-சுன்னோ, அவன் உன்னை விரும்புகிறான், இவன் உன்னை விரும்புகிறான் என்று தோழிமார் சொன்னதைக் கேட்டு அவரவரிடத்து மனத்தைத் திருப்பிப் பார்த்துத் துயருறுகிறாள். அப்போது ஐவரில் ஒருவனான டோங்-ரியோங் அவளைப் பார்த்து ஒரு கேள்வி கேட்கிறான்: உன்னை யார் விரும்புகிறார் என்றே பார்க்கிறாயே, நீ யாரை விரும்புகிறாய் என்று எண்ணிப் பார்த்தாயா என்று. வாசகர்களே, இந்தக் கேள்வியைச் சற்று நிறுத்திச் சிந்தியுங்கள். மாப்பிள்ளை வீட்டார்க்குப் பெண்ணைப் பிடித்ததா என்பதையே எத்தனை தலைமுறையாகக் கேட்டு வந்திருக்கிறோம்! பெண்ணுக்கு யாரைப் பிடித்தது என்ற கேள்வியை ஒரு பெண்ணின் முகத்துக்கு நேரே கேட்க, அவளோடு மண்ணில் விளையாடிய சிநேகிதன் ஒருவன் வேண்டியிருந்தது.

இன்னொரு காட்சி. வருஷங்கள் கழிந்து, 1994-ஆம் ஆண்டு. இசைக் கச்சேரிக்குச் சென்ற தொக்-சுன் துணையின்றித் தனியே நிற்கிறாள் என்று தெரிகிறது. விமானப்படை அதிகாரியாகிவிட்ட ஜொங்-ஹ்வான் மோட்டார் காரில் விரைகிறான்; வழியெல்லாம் சிவப்பு விளக்கு. அவன் போய்ச் சேரும்போது டேக் அங்கே முன்னதாக நிற்கிறான். அன்றைய ஆட்டத்தையே கைவிட்டு வந்திருக்கிறான் அவன். பழைய நாடகமாயிருந்தால் இவ்விடத்தில் விதி சிரித்தது என்று சொல்லிச் சோககீதம் வைத்திருப்பார்கள். இந்நாடகத்தில் ஜொங்-ஹ்வான் தன்னைத்தானே விசாரித்துக்கொள்கிறான். விளக்கின்மீது குற்றமில்லை, வேளையின்மீது குற்றமில்லை, பல வருஷம் வாய் திறவாது தயங்கித் தயங்கி நின்ற தன்மீதே குற்றம் என்று தீர்ப்புக் கூறுகிறான். டேக் வென்றது அதிர்ஷ்டத்தால் அன்று, அதிகம் விரும்பித் துணிந்ததால் என்றும் உணர்கிறான்.

கிரகத்தின் தலையில் பழியைப் போடாமல் தன் செயலின்மையைத் தானே ஏற்கும் ஒரு காதலனை நம் சினிமாக்களில் எத்தனை முறை கண்டிருக்கிறோம்? மேடைகளில் ஆயிரம் பிரசங்கம் செய்தும் விதிவாதத்தை அசைக்க முடியாமல் நாம் களைத்திருக்கையில், சிவப்பு விளக்கொன்றைக் கொண்டு ஒரே காட்சியில் அதைத் தலைகவிழச் செய்தவர்கள் இந்நாடகக்காரர்கள்.

அதே சந்தில் வேறிரண்டு காதல்களும் உண்டு. தொக்-சுன்னின் தமக்கை போ-ராவும் ஐவரில் ஒருவனான சொன்-வூவும் மணக்க விரும்புகிறார்கள். இருவருக்கும் குலப்பெயர் ஒன்று, பூர்வீகமும் ஒன்று. மேலே நாம் குறித்த அந்தச் சட்டச் சுவர் அவர்கள் கதையில் நேரே குறுக்கிடுகிறது. சொன்-வூவின் தாய் கணவனை இழந்தவள். டேக்கின் தந்தை மனைவியை இழந்தவர். ஒரே ஊரில் வளர்ந்த அவ்விருவரும் மெல்லமெல்ல ஒரு குடும்பமாகிறார்கள். கைம்பெண் மறுவாழ்வைப் பற்றி ஒரு பிரசங்கமும் இல்லை. அண்டை வீட்டார் அதை ஏற்கும் விதத்தைக் காட்டியதோடு சரி. நம் சீர்திருத்த நாடகக்காரர்கள் இதனைப் பாடமாகக் கொள்ளலாம்.

ஒளிப்பதும் தெரிவதும்

விதியைத் தள்ளிய இடத்தில் இந்நாடகங்கள் எதை வைக்கின்றன என்று கேட்கலாம். அறிவை வைக்கின்றன: ஒருவரையொருவர் அறிந்த அறிவை. இதற்கு 2016-ஆம் ஆண்டு தொடங்கிய 'வெயிட்லிஃப்டிங் ஃபேரி கிம் போக்-ஜூ' நாடகத்தைப் போல் தெளிவான உதாரணம் வேறில்லை.

போக்-ஜூ உடற்பயிற்சிக் கல்லூரியில் பாரம் தூக்கும் வீராங்கனை. நன்றாக உண்பவள், வலியவள். அவள் ஒரு வைத்தியரிடம் மனத்தைப் பறிகொடுக்கிறாள். அவர் உடல் பருமனைக் குறைக்கும் வைத்தியசாலை நடத்துபவர். அவரைக் காணும் ஆசையால், எடை கூட வேண்டிய வீராங்கனை எடை குறைக்க வந்தவளாய் அங்கே சேருகிறாள். பாரம் தூக்குபவள் என்பதை மறைத்துச் செல்லோ வாத்தியம் பயில்பவள் என்று பொய் சொல்கிறாள். வைத்தியர் நல்லவர், பொய் சொல்லும்படி அவர் கேட்கவில்லை. அன்னியருக்குப் பிடிக்க வேண்டுமானால் தன்னை ஒளிக்க வேண்டுமென்று அவள் உலகம் அவளுக்குக் கற்பித்திருக்கிறது. அந்த வைத்தியரின் சிற்றப்பன் பெரியப்பன் முறைத் தம்பி ஜூன்-ஹியோங். நீச்சல் வீரன், போக்-ஜூவோடு ஆரம்பப் பள்ளியில் படித்தவன், அவளைப் பட்டப்பெயர் வைத்துக் கூப்பிடுபவன். அவள் பொய் முழுவதும் அவனுக்குத் தெரியும். அவனுடைய பயமும் அவளுக்குத் தெரிய வருகிறது: போட்டியில் சைகைக்கு முன்னே பாய்ந்து தகுதி இழந்தவன், அதன்பின் குதிக்கும் மேடையில் ஏறினாலே நடுங்குகிறான்.

ஒருவரிடத்தில் தன்னை மறைத்தாள். மற்றொருவனிடத்தில் மறைக்க ஒன்றுமில்லாதிருந்தாள். எந்த இடத்தில் காதல் தழைக்கும் என்பதை ஆராய்ச்சி செய்து அறிய வேண்டுமா? பெண் பார்க்கும் வைபவத்தில் நம் பெண்கள் அரை மணி நேரம் வேறொருத்தியாக வேஷமிட்டு அமர்கிறார்கள். மாப்பிள்ளையும் குடியாதவனாக, கடனில்லாதவனாக, கோபமே அறியாதவனாக வேஷமிடுகிறான். வேஷம் கலைவது தாலி ஏறிய பிறகு. போக்-ஜூவின் செல்லோ நம் நாட்டில் எத்தனை வீட்டுக் கூடத்தில் வாசிக்கப்படுகிறது!

2017-இல் வந்த 'ஃபைட் ஃபார் மை வே' இதே உண்மையை உழைப்பாளர் பக்கம் நின்று சொல்கிறது. டோங்-மான் ஒருகாலத்தில் டேக்வோண்டோ வீரன். தங்கையின் சிகிச்சைக்குப் பணமின்றிப் போட்டியில் வேண்டுமென்றே தோற்று, அக்களத்திலிருந்து விலக்கப்பட்டவன். இப்போது பூச்சி ஒழிக்கும் வேலை செய்கிறான். ஏ-ரா செய்தி வாசிப்பவளாக ஆசைப்பட்டு, பெரிய கடையொன்றின் விசாரணை மேசையில் நிற்பவள். கல்யாணச் சந்தையில் இவ்விருவருக்கும் விலையில்லை. கொரியாவில் 2011-ஆம் ஆண்டளவில் 'சம்போ' என்றொரு சொல் பரவிற்று. காதல், கல்யாணம், குழந்தை ஆகிய மூன்றையும் கைவிட்ட தலைமுறை என்பது அதன் பொருள். அந்தத் தலைமுறைக்கு ஆறுதல் கோடீஸ்வரனிடத்திலிருந்து வருவதில்லை. தன்னைப் போலவே தோற்றுநிற்கும் பக்கத்து அறைச் சிநேகிதனிடமிருந்து வருகிறது. நாளெல்லாம் பிறர் சம்பளக் கணக்கை எழுதிக் கூட்டும் எம் போன்ற கிராணிகளுக்கும், வெயிலில் உழைத்துத் திரும்பும் தோழர்களுக்கும் அக்கதை பிடிக்கிறதென்றால் அதில் வியப்பென்ன?

ஆட்சேபங்களுக்கு விடை

முதலாவது ஆட்சேபம்: ஆணும் பெண்ணும் சிநேகிதராயிருக்கவே முடியாது, காதலில்தான் போய் விழுவார்கள் என்பதற்குக் கொரியரே சாட்சியாயிற்றே என்பது. இதற்கு நாடகங்களே விடை கூறுகின்றன. தொக்-சுன்னுக்குச் சிநேகிதர் நால்வர், கணவனானவன் ஒருவன். 2020, 2021-ஆம் ஆண்டுகளில் அதே லீ வூ-ஜங், ஷின் வோன்-ஹோ இருவரும் தந்த 'ஹாஸ்பிட்டல் பிளேலிஸ்ட்' நாடகத்தைப் பாருங்கள். 1999-இல் வைத்தியக் கல்லூரியில் சேர்ந்த ஐவர் நாற்பது வயதிலும் சிநேகிதர். அவர்களில் சொங்-ஹ்வா ஒருத்தியே பெண். மூளை அறுவை நிபுணர். ஆண்கள் நால்வரோடும் உண்கிறாள், வாத்தியக் கோஷ்டியில் வாசிக்கிறாள், துக்கம் பகிர்கிறாள். இரண்டாம் பாகத்தின் முடிவிலேதான் இக்-ஜூனை ஏற்கிறாள். அவன் மணமுறிவு பெற்றவன். ஒரு மகனுக்குத் தந்தை. மற்ற மூவரும் இருபதாண்டு கடந்தும் சிநேகிதராகவே நிற்கிறார்கள். நால்வரில் மூவர் சிநேகிதராகவே இருப்பதைக் காணாமல், ஒருவன் காதலனானதையே காணும் கண், நாடகத்துக்கு முன்பே தீர்ப்பை எழுதி வைத்துக்கொண்ட கண்ணாகும்.

இரண்டாவது ஆட்சேபம் ஆங்கிலம் படித்த நம் வகுப்பாரிடமிருந்து வருவது. இவை கீழ்த்தரப் பொழுதுபோக்கு, இலக்கியத் தகுதி அற்றவை என்று மூக்கைச் சுருக்குகிறார்கள். இவர்களே ஜேன் ஆஸ்டின் அம்மையாரின் 'எம்மா'வை ஆங்கிலப் பள்ளியில் பாராட்டிப் படித்தவர்கள். 1815-இல் வெளிவந்த அந்நாவலில் எம்மா மணப்பது யாரை? குழந்தை முதல் தன்னை அறிந்த குடும்பச் சிநேகிதர் நைட்லியை. ஊரார் எல்லாரும் அவளைப் புகழ, ஏழை மாது ஒருத்தியை அவள் எள்ளி நகையாடியபோது முகத்துக்கு நேரே கண்டித்தவர் அவர். இருநூறாண்டுக்கு முன் இங்கிலீஷ்காரி எழுதினால் இலக்கியம், இன்று கொரியப் பெண்மணி எழுதினால் குப்பை என்பது விமரிசனமாகாது; அடிமைப் புத்தியின் மிச்சம் என்றே கூறுவோம்.

மூன்றாவது ஆட்சேபம்: இத்தனை காதல் நாடகம் எடுக்கும் கொரியாவில் மணம் செய்வாரும் பிள்ளை பெறுவாரும் குறைந்துவிட்டனரே என்பது. 2023-இல் அங்கே ஒரு பெண்ணுக்குப் பிறப்பு வீதம் 0.72 ஆகத் தாழ்ந்தது உண்மை. ஆனால் வீட்டு வாடகையையும், ஓயாத வேலை நேரத்தையும், பிள்ளைப் படிப்புச் செலவையும், பிள்ளை பெற்றவளின் வேலை பறிபோகும் அச்சத்தையும் விட்டுவிட்டு நாடகத்தின்மீது பழி சுமத்துவது, மழை பெய்ததற்குக் குடை காரணம் என்பது போலாம்.

குறைகளும் உள

நாம் இந்நாடகங்களுக்கு வக்காலத்து வாங்கியவர்களல்லர். குறைகளைக் கூறவும் அஞ்சோம். ரிப்ளை வரிசையில் கதாநாயகியின் கணவன் யார் என்பதை இறுதிவரை ஒளித்து வைத்து, பார்ப்போரைக் கட்சி கட்டிச் சண்டையிட விடுகிறார்கள். ஒரு பெண்ணின் வாழ்க்கை குதிரைப் பந்தயமாகிறது. ஓர் ஒற்றை வார்த்தையில் தீரக்கூடிய சந்தேகத்தைப் பல வாரம் இழுக்கிறார்கள். 2024-ஆம் ஆண்டின் 'லவ் நெக்ஸ்ட் டோர்' நாடகத்தில், தாய்மார் சிநேகத்தால் ஒன்றாக வளர்ந்த இருவர் கதையை நன்றாகத் தொடங்கிவிட்டு, நடுவில் பெற்றோருக்கும் தெரியாமல் மறைத்த புற்றுநோய் ஒன்றைக் கொண்டு வந்தார்கள். விதியை முன்வாசல் வழியே துரத்தியவர்கள் பின்வாசலில் நோயின் உருவில் அழைத்துக்கொண்டார்கள் என்றே சொல்லத் தோன்றுகிறது.

எல்லாவற்றினும் பெரிய ஆபத்து பார்ப்பவரிடத்தில் உண்டு. சிநேகிதம் என்பது காதலுக்குக் கொடுத்து வைத்த முன்பணம் என்று எண்ணும் வாலிபர் சிலர் இருக்கிறார்கள். இத்தனை வருஷம் உதவினேனே, இவள் என்னை மறுக்கலாமா என்று கேட்கிறார்கள். அவர்களுக்கு நாம் ஜொங்-ஹ்வானைக் காட்டுவோம். தன் அதிகாரி மோதிரத்தைச் சிநேகிதர் முன்னிலையில் விளையாட்டுப் போல் அவளிடம் நீட்டி, மனத்திலுள்ளதையெல்லாம் ஒருமுறை சொல்லிவிட்டு, அதையும் விளையாட்டென்றே முடித்து விலகினான் அவன். அவள் தனக்குக் கடன்பட்டவள் என்று ஒருபோதும் எண்ணவில்லை. மறுக்கும் உரிமை இல்லாத இடத்தில் நட்பும் இல்லை. அங்கே காதலைப் பற்றிப் பேச்சே இல்லை.

ஒரே மேசையில்

நட்பில் விளைந்த காதலின் பயன் கல்யாணத்தோடு முடிவதன்று. 2025-ஆம் ஆண்டில் வெளிவந்த 'வென் லைஃப் கிவ்ஸ் யூ டேஞ்சரீன்ஸ்' அதைக் காட்டுகிறது. எழுதியவர் 'ஃபைட் ஃபார் மை வே' எழுதிய இம் சாங்-சூன். ஜேஜூ தீவில், கடலில் மூழ்கிச் சிப்பியெடுக்கும் ஏழைத் தாயின் மகள் ஏ-சுன். கவியாக ஆசை கொண்டவள். அவளோடு வளர்ந்த குவான்-சிக், அவள் பசியறிந்து சிறுவயதில் மீன் கொண்டுபோய்க் கொடுத்தவன். இருவரும் மணக்கிறார்கள். புகுந்த வீட்டில் ஆண்களுக்கு ஒரு மேசை, பெண்களுக்கு வேறொரு மேசை. ஏ-சுன் பின்புறத்துச் சிறிய மேசையில் உண்கிறாள். ஒருநாள் குவான்-சிக், வாதம் ஏதும் புரியாமல், தான் இருந்த இடத்திலேயே முதுகைத் திருப்பி, மனைவியின் மேசையை நோக்கி அமர்ந்து உண்கிறான். வீட்டார் திகைக்கின்றனர். ஒரு மனிதன் உட்கார்ந்த திசையை மாற்றியதில் பல தலைமுறை வழக்கம் ஆட்டம் காண்கிறது.

அன்னியளாய் வந்த மனைவி எங்கே உண்டாலென்ன என்று சும்மாயிருக்க ஒருவனால் முடியலாம். பசியோடு தன் முன் நின்ற சிறுமியை அறிந்தவனால் அது முடியாது. ஏழு வயதில் ஒரே பாயில் அமரவிட்டால் என்ன கேடு வரும் என்று பழைய சாஸ்திரிகள் அஞ்சினார்களோ, அந்தக் 'கேடு' இதுதான்: முப்பது வயதில் அவர்கள் ஒரே மேசையில் அமர்ந்துவிடுவார்கள்.

இனி நம்மவருக்கு ஒரு வார்த்தை. தோழர்களே, தாய்மாரே! இரவு பத்து மணிக்குத் தொக்-சுன்னுக்காகவும் ஏ-சுன்னுக்காகவும் கண்ணீர் வடிக்கிறீர்கள். காலையில் உங்கள் மகள் பஸ் நிறுத்தத்தில் உடன்படித்த பையனோடு நான்கு வார்த்தை பேசினாள் என்று எவரோ சொல்லக் கேட்டு அவளைச் சினக்கிறீர்கள். மறுவாரம் ஜாதகக் கட்டைத் தூக்கிக்கொண்டு சோதிடரிடம் போகிறீர்கள். அந்தக் கண்ணீர் உண்மையா, இந்தக் கோபம் உண்மையா? இரண்டும் உண்மையாயிருக்க முடியாது. உங்கள் வயிறு அறிந்ததை உங்கள் வாய் மறுக்கிறது என்றே நாம் எண்ணுகிறோம். அறிந்தவனோடு வாழ்வது நலம் என்பதை உங்கள் உள்ளம் ஒப்புக்கொண்டதனால்தான் அந்தக் கதை உங்களை அழவைத்தது.

கொரியரைப் போல் உடுக்கவும் உண்ணவும் நாம் யாரையும் அழைக்கவில்லை; அதை அங்காடிக்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள். நாம் கேட்பது சிறியது. நம் வாசகசாலையிலும் இளைஞர் சங்கத்திலும் பிள்ளைகள் ஆணும் பெண்ணுமாய் ஒரே மேசையில் அமர்ந்து வேலை செய்யட்டும். ஒருவரோடொருவர் வாதாடவும், தோற்கவும், மன்னிக்கவும் பழகட்டும். மணம் பேசுவோர் மணமக்களுக்கு அரை மணி நேரத்துக்குப் பதில் ஆறு மாதமாவது பழகும் அவகாசம் கொடுக்கட்டும். அவர்களில் பலர் சிநேகிதராகவே நிற்பார்கள், சிலர் காதலராவார்கள், இரண்டினாலும் சமூகத்துக்கு நஷ்டமில்லை. பெண்ணை நோக்கி, நீ யாரை விரும்புகிறாய் என்ற கேள்வியை வீட்டிலுள்ளவர்களே முதலில் கேட்கட்டும். அவள் விடை கூறும்போது குறுக்கே பேசாமல் கேட்கட்டும்.